கறுப்பு மையும் தண்ணீரும்: கிழக்காசிய மை ஓவியத்தைப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

சீனா, கொரியா, ஜப்பான் மூன்று நாடுகளிலும் கறுப்பு மையை மட்டும் வைத்து வரையும் ஓவிய மரபு ஒன்று நூற்றாண்டுகளாக இருக்கிறது. சீனாவில் அதற்கு ஆயிரம் வயதுக்கு மேல். வண்ணம் கிடைக்காததால் வந்த மரபு அல்ல இது. செப்புப் பச்சை, செப்பு நீலம், சாதிலிங்கச் சிவப்பு எல்லாம் அந்த ஓவியர்களின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. கோயில் சுவர்களிலும் அரண்மனைத் திரைகளிலும் தாராளமாகத் தீட்டினார்கள். அப்படியிருந்தும் அந்த நாடுகளின் மிகப் பெரிய ஓவியர்கள் பலர் வண்ணக் கிண்ணங்களைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் மையோடு உட்கார்ந்தார்கள். அதில் அவர்களுக்கு அப்படி என்ன கிடைத்தது?

முதல்முறை பார்க்கும்போது இந்தப் படங்கள் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். மலை, மூங்கில், மூடுபனி, ஓரத்தில் ஒரு சிவப்பு முத்திரை. என்ன வரைந்திருக்கிறார் என்று மட்டும் தேடினால் ஐந்து நொடியில் பதில் கிடைத்துவிடும். அடுத்த படத்துக்குப் போய்விடுவோம். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வரைந்த பொருளைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, இந்த இடத்தில் தூரிகையில் எவ்வளவு தண்ணீர் இருந்திருக்கும் என்று பாருங்கள். இந்த ஓவியங்களின் உணர்ச்சியில் பெரும்பங்கு அந்த ஈரத்தில்தான் இருக்கிறது.

மை எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் இது சுலபமாகப் புரியும். பைன் மரத்தையோ எண்ணெய் விளக்கையோ எரித்து, அதிலிருந்து வரும் புகைக்கரியைப் பிடிப்பார்கள். நம் வீடுகளில் விளக்குக்கு மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மைக்குக் கரி பிடிப்பார்களே, அதே வேலைதான். அந்தக் கரியோடு விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரத்தைச் சேர்த்துப் பிசைந்து, அச்சில் அழுத்தி, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்தினால் மைக்கட்டி ரெடி. சீனாவில் ஹுய்ஜோ பகுதியும் ஜப்பானில் நாரா நகரமும் இதற்குப் பேர்போனவை. பைன் கரியில் செய்த மை பளபளப்பில்லாமல், லேசாக நீலம் ஓடிய கறுப்பாக இருக்கும். எண்ணெய்க் கரியில் செய்தது பழுப்பு ஓடி, மினுங்கும். ஆக, கறுப்பிலேயே குளிர்ந்தது ஒன்று, கதகதப்பானது ஒன்று என்று தொடக்கத்திலேயே தேர்வு வந்துவிடுகிறது.

வரைய உட்காரும்போது, மைக்கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டியை மெதுவாக வட்டமாக இழைப்பார்கள். அதிக நேரம் இழைத்தால் கெட்டி மை, கொஞ்சமாக இழைத்தால் நீர்த்த மை. புட்டியில் அடைத்த மை மாதிரி ஒரே கறுப்பு இல்லை. ஒவ்வொரு முறையும் ஓவியர்தான் தன் கறுப்பைத் தீர்மானிக்கிறார். சீனர்கள் மையில் ஐந்து படிகளைச் சொல்வார்கள்: தீய்ந்தாற்போன்ற மை, கெட்டி மை, கனத்த மை, வெளிர் மை, தெளிந்த மை. கடைசிப் படியில் தண்ணீரில் மையின் சாயல் மட்டும்தான் இருக்கும். தாங் வம்சக் காலத்தில், 847ஆம் ஆண்டு முடித்த தன் ஓவிய வரலாற்று நூலில் ஜாங் யென்யுவான் இதைப் பேசுகிறார்: மலை பச்சையாக இருப்பதற்குப் பச்சைச் சாயத்தை எதிர்பார்த்து நிற்பதில்லை, மையைச் சரியாக இயக்கத் தெரிந்தவனுக்கு ஐந்து நிறங்களும் அதிலேயே கிடைத்துவிடும் என்பது அவர் கருத்து. வண்ணத்தைப் பூசுவதை விட, பார்ப்பவர் மனதில் வண்ணத்தை எழுப்புவதுதான் உயர்ந்தது என்ற நம்பிக்கை அந்த வரியில் இருக்கிறது.

அடுத்தது தாள். சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் ஜிங் என்ற மாவட்டம் இருக்கிறது. அங்கே சிங்டான் என்ற மரத்தின் பட்டையையும் வைக்கோலையும் கூழாக்கிச் செய்யும் சுவான் தாள்தான் இந்த மரபின் புகழ்பெற்ற தாள். அதைச் செய்யும் கைத்தொழிலை யுனெஸ்கோ 2009இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. பூச்சு எதுவும் இல்லாத சுவான் தாள் மையைப் பட்டதும் குடித்துவிடும். தூரிகை ஒரு கணம் தயங்கினால் அந்தத் தயக்கம் ஒரு வட்டமாகப் பரவி நின்றுவிடும். அழிக்க முடியாது, மேலே வெள்ளை பூசி மறைக்கவும் முடியாது. படிகாரமும் வஜ்ஜிரமும் தடவிய தாளும் உண்டு. அதில் மை பரவாமல் மேலேயே நிற்கும், நுணுக்கமாகப் பொறுமையாக வரையலாம். பழைய சீன ஓவியங்கள் பலவற்றைப் பட்டுத்துணியில் வரைந்திருக்கிறார்கள். அதுவும் கிட்டத்தட்ட இந்த இரண்டாவது வகைதான்.

தூரிகையை விலங்கு ரோமத்தில் கட்டுவார்கள். ஆட்டு ரோமம் மென்மையானது, நிறையத் தண்ணீர் பிடிக்கும். கீரி போலத் தோற்றமளிக்கும் வீசல் என்ற சிறு விலங்கின் ரோமம் விறைப்பானது, கோடு துள்ளும். இந்தத் தூரிகையால் செய்யும் ஒரு சின்ன வித்தையைத் தெரிந்துகொண்டால் பாதி ஓவியங்கள் புரிந்துவிடும். தூரிகையைத் தண்ணீரில் நனைத்து, உதறி, வெளிர் மையில் தோய்க்க வேண்டும். அப்புறம் ஒரு பக்கத்தை மட்டும் கெட்டி மையில் தொட்டு, தாளில் படுக்கவைத்து ஒரே இழுப்பு. கோட்டின் ஒரு ஓரம் கறுப்பாகவும், எதிர் ஓரம் சாம்பலாகவும், நடுவில் எங்கே மாறியது என்று தெரியாமலும் வரும். மூங்கில் தண்டு வரைபவர்கள் இப்படி ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு இழுப்பு என்று மேலே ஏறுவார்கள். நிறுத்திய இடம்தான் கணு. ஒளி, நிழல், உருட்சி, கணு எல்லாமே நாலைந்து இழுப்பில் முடிந்துவிடும். வெளிக்கோடு போட்டு உள்ளே நிரப்பும் வேலையே இல்லை.

ஈரம் ஒரு ஓவியத்தில் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு நான் முதலில் காட்டுவது மூச்சி என்ற துறவியின் ‘ஆறு பெர்சிமன் பழங்கள்’. 13ஆம் நூற்றாண்டுக்காரர்; ஹாங்ஜோ நகரத்து மேற்கு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு புத்த மடத்தில் வாழ்ந்தவர். படத்தில் இருப்பது ஆறு பழம், அவ்வளவுதான். மேசை இல்லை, தட்டு இல்லை, பழத்தின் நிழல்கூட இல்லை. இரண்டு ஓரத்திலும் இருக்கும் பழங்கள் வெறும் வெளிர் கோட்டால் ஆனவை, உள்ளே தாள்தான். அவற்றிலிருந்து உள்ளே வர வர மை கனக்கிறது. நடுப்பக்கம் ஒரு பழம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. ஒன்று மட்டும் வரிசையிலிருந்து விலகிக் கொஞ்சம் முன்னால் வந்து நிற்கிறது. ஒரே பழம், ஒரே மை, தண்ணீர் மட்டும் மாறியிருக்கிறது. ஆனால் ஒன்று காற்றுப்போல லேசாகவும் இன்னொன்று கையில் எடுத்தால் கனக்கும் போலவும் இருக்கிறது. காம்புகளைப் பார்க்கத் தவறாதீர்கள். அவற்றை மட்டும் ஈரம் குறைந்த கெட்டி மையில், எழுத்து எழுதுவதுபோலச் சடக்கென்று போட்டிருக்கிறார். மென்மையான உடல்களுக்கு மேல் ஆறு கூர்மையான குறிகள். அந்த ஆறும் இல்லையென்றால் பழங்கள் மிதந்து போயிருக்கும்.

சீனாவில் மூச்சிக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை. 14ஆம் நூற்றாண்டு விமர்சகர் ஒருவர் கரடுமுரடானது, பழைய முறைகள் தெரியாதது என்று ஒதுக்கினார். அவருடைய முக்கியமான ஓவியங்கள் ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தன. பெர்சிமன் பழங்களும் கியோட்டோவின் டைடோகுஜி கோயில் வளாகத்தில்தான் இருக்கின்றன. எனக்கு அந்த விமர்சகர் மேல் கோபமே வரும். முறை தெரியாத கையால் அந்த நடுப் பழத்தின் கறுப்பை வைக்கவே முடியாது.

ஜப்பானில் மூச்சியை ஆழ்ந்து படித்தவர்களில் ஒருவர் ஹசெகாவா தோஹாக்கு (1539–1610). அவருடைய ‘பைன் மரங்கள்’ ஆறு ஆறு மடிப்புகளாக இரண்டு திரைகள். ஒவ்வொன்றும் மூன்றரை மீட்டர் அகலம். இப்போது டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தள்ளி நின்று பார்த்தால் பனிமூட்டத்தில் நாலைந்து மரக்கூட்டங்கள் தெரிந்தும் தெரியாமலும் நிற்கும். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே ஈரமான காற்று இருக்கிறது என்று சத்தியம் செய்துவிடலாம். பக்கத்தில் போனால் அதிர்ச்சிதான். பைன் ஊசிகளை மிகக் கெட்டியான மையில், வறட்டுத் தூரிகையால், வெட்டுவதுபோல வேகவேகமாக இழுத்திருக்கிறார். தனித்தனிக் கீறலாகப் பார்த்தால் முரட்டுத்தனமாகக்கூட இருக்கும். பனிமூட்டத்தை அவர் வரையவே இல்லை. வறண்ட கறுப்பும், நீர்த்துப்போன வெளிர் மையும், தொடாமல் விட்ட தாளும் பக்கம் பக்கமாக இருப்பதால், கண்தான் நடுவில் பனியை இட்டுக்கொள்கிறது.

தொடாமல் விட்ட தாளும் இந்த ஓவியங்களில் ஒரு நிறம்தான். சீனாவின் தென்சோங் வம்சக் காலத்து ஓவியர் மா யுவான் வரைந்ததாகக் கருதப்படும் ஒரு ஓவியத்தில், ஒரு படகு, அதில் குனிந்து மீன்பிடிக்கும் ஒரு ஆள், சுற்றிலும் சில மெல்லிய அலைக்கோடுகள். மீதி எல்லாம் வெறும் பட்டு. ஆனால் அது வெறுமையாகத் தெரியாது, குளிர்ந்த ஏரியாகத்தான் தெரியும். மேலைநாட்டு எண்ணெய் ஓவியத்தில் வெள்ளை வேண்டுமென்றால் வெள்ளைச் சாயத்தைப் பூசலாம். இங்கே வெள்ளையை விட்டுவைக்கத்தான் முடியும். எங்கே கை வைக்கக் கூடாது என்று முதல் கோட்டுக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

இதுவரை சொன்னதை வைத்து, ஈரம் என்றால் மென்மை, மூட்டம், கனவு என்று நினைத்துவிட வேண்டாம். ஜோங் சொன் (1676–1759) என்ற கொரிய ஓவியர் 1751இல் வரைந்த ‘மழை விட்ட இன்வாங் மலை’யைப் பாருங்கள். சியோல் நகரத்தில் இன்றும் நிற்கும் மலை அது. அதன் பாறைகள் வெளிர் நிறக் கருங்கல். ஜோங் சொன் அந்த வெளிர்ப் பாறையைக் கறுப்பாக வரைந்தார். அகலமான தூரிகையை மேலிருந்து கீழாக இழுத்து, அதன்மேல் மறுபடி இழுத்து, அதற்கும் மேல் இன்னொரு முறை. அடுக்கடுக்காக ஏறிய மை மலையின் எடையாகவே மாறிவிட்டது. மழையில் ஊறிய பாறை எப்படிக் கருத்துக் கனத்து நிற்கும் என்பதை இதைவிடச் சரியாகச் சொன்ன படம் எனக்குத் தெரியாது. அடிவாரத்தில் மட்டும் மேகத்துக்காகத் தாளை வெறுமையாக விட்டிருக்கிறார். அவருடைய நெருங்கிய நண்பரான கவிஞர் யி பியோங்-யோன் சாகக் கிடந்த நாட்கள் அவை. அவர் குணமாக வேண்டும் என்ற ஆசையில் வரைந்தது இது என்று பலர் கருதுகிறார்கள். அப்போது ஜோங் சொன்னுக்கு வயது எழுபத்தைந்து. அந்த இழுப்புகளின் பலத்தைப் பார்த்தால் நம்பவே முடியாது.

இன்னொரு முனையில், மை சிதறல் போலத் தொடங்கும் படங்கள். செஷ்ஷு (1420–1506) என்ற ஜப்பானியத் துறவி மிங் காலத்துச் சீனாவுக்குப் போய் ஓவியம் பார்த்துத் திரும்பியவர். 1495இல் தன் சீடன் சோயெனுக்கு ஒரு சிறிய நிலக்காட்சி வரைந்து கொடுத்தார். முதலில் வெளிர் மையில் சில பட்டைகள். அது காயும் முன்பே அதன்மேல் கெட்டி மை. இரண்டும் ஈரத்தில் ஒன்றுக்குள் ஒன்று ஓடிக் கலக்கின்றன. முதல் பார்வையில் கறைதான். கொஞ்சம் பொறுத்தால் பாறை தெரியும், புதர் தெரியும், கீழே ஒரு கூரை, மதுக்கடையின் கொடி, தண்ணீரில் ஒரு படகு. அந்தக் கூரையும் படகும் இரண்டு மூன்று மெல்லிய கோடுகள்தான். ஆனால் அவைதான் கறையை நிலமாக்குகின்றன.

சரி, தண்ணீரையே எடுத்துவிட்டால்?

கிம் ஜோங்-ஹீ (1786–1856) கொரியாவின் பெரிய அறிஞர், எழுத்துக்கலை மேதை. அரசியல் சண்டையில் சிக்கி 1840இல் ஜேஜு தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். எட்டு ஆண்டுகளுக்கும் மேல் அங்கே இருந்தார். அதிகாரம் போனதும் பழகியவர்கள் விலகிப்போனார்கள். யி சாங்-ஜோக் என்ற சீடர் மட்டும் விலகவில்லை. மொழிபெயர்ப்பாளராக பெய்ஜிங் போய்வரும் வேலை அவருக்கு. போகும்போதெல்லாம் அரிய புத்தகங்களை வாங்கி, கடல் கடந்து ஆசிரியருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அந்த நன்றிக்கு 1844இல் கிம் வரைந்து கொடுத்ததுதான் ‘செஹாண்டோ’, கடுங்குளிர்க் காட்சி. குளிர் வந்த பிறகுதான் பைனும் சைப்ரஸும் இலை உதிர்க்காதவை என்று தெரிகிறது என்ற கன்பூசியஸ் வாக்கு அதற்கு அடிப்படை.

நீளவாக்கில் ஒரு தாள். ஒரு எளிய வீடு, அதற்கு ஒரு வட்ட வாசல். பக்கத்துக்கு இரண்டாக நான்கு மரங்கள். ஆள் நடமாட்டம் இல்லை. தூரிகையில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லவே இல்லை; மிகக் கெட்டியான மை தாளை உரசிக்கொண்டு போயிருக்கிறது. கோட்டுக்குள்ளேயே தாளின் வெள்ளை இடையிடையே எட்டிப் பார்க்கிறது. வயதான பைனின் பட்டையைப் பார்த்தால் கை அதில் உராய்வது போல இருக்கும். பனி வரையவில்லை, காற்று வரையவில்லை, ஆனால் அந்தத் தீவின் குளிர் முழுக்க அந்த வறட்சியில் இருக்கிறது. வீட்டின் கோணம்கூடச் சரியில்லை, பக்கச் சுவரும் வாசலும் ஒத்துவரவில்லை. அதைத் திறமைக் குறைவு என்று சொல்பவர்களை நான் சந்தித்ததுண்டு. என்னைப் பொறுத்தவரை, நன்றாக வரைந்து காட்ட வேண்டும் என்ற எண்ணமே இல்லாத ஒரு மனிதனின் கை அது. யி சாங்-ஜோக் இதை பெய்ஜிங்குக்குக் கொண்டுபோய்க் காட்ட, அங்கிருந்த அறிஞர்கள் தங்கள் பாராட்டுகளை எழுதிச் சேர்த்தார்கள். பின்னால் வந்தவர்களும் சேர்த்தார்கள். இப்போது அந்தச் சுருளின் நீளம் 14 மீட்டருக்கு மேல். அதில் ஓவியம் ஒரு மீட்டர்கூட இல்லை.

இந்த வறட்டு நடைக்குச் சீனாவில் முன்னோடி நீ ட்ஸான் (1301–1374). செல்வந்தராக இருந்து, சொத்தையெல்லாம் விட்டு, தாய் ஏரிப் பக்கம் படகிலேயே அலைந்தவர். அவர் படங்களில் முன்னால் சில மெலிந்த மரங்கள், பின்னால் தாழ்ந்த குன்று, நடுவில் வெறும் தண்ணீர். குடில் இருந்தால் அதில் பெரும்பாலும் ஆள் இருக்க மாட்டார்.

சில சமயம், விட்டுவிட்ட ஒன்றுதான் முழுப் படத்தின் பொருளும். சோங் வம்சம் 1279இல் மங்கோலியர்களிடம் வீழ்ந்தது. புதிய ஆட்சியை ஏற்காத ஜெங் ஸ்ஸுசியாவ் 1306இல் ஒரு ஆர்க்கிட் செடி வரைந்தார். சில இலைகள், ஒரு பூ. கீழே மண் இல்லை. மண்ணைத்தான் திருடிக்கொண்டு போய்விட்டார்களே என்று அவர் சொன்னதாகக் கதை உண்டு. கதை இல்லாவிட்டாலும் அந்தச் செடி அந்தரத்தில் நிற்பதைப் பார்த்தாலே தொண்டை அடைக்கும். இப்போது அது ஜப்பானில், ஒசாகா நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த மரபுக்கு இந்தியாவோடும் நேரடித் தொடர்பு உண்டு. 1903இல் ஜப்பானிய ஓவியர் யோகொயாமா டைகான் கல்கத்தாவுக்கு வந்து தாகூர் குடும்பத்தோடு பழகினார். ஈரத் தூரிகையால் வண்ணத்தைக் கரைத்துப் பரப்பும் முறையை அபனீந்திரநாத் தாகூர் கண்டெடுத்தது அந்தப் பழக்கத்தில்தான். 1924இல் ரவீந்திரநாத் தாகூரோடு சீனாவும் ஜப்பானும் போய்வந்த நந்தலால் போஸ், மையும் தூரிகையும் கொண்டு வரைவதைச் சாந்திநிகேதனில் வேரூன்றச் செய்தார். அதே டைகான் பின்னால் 40 மீட்டர் நீளத்தில் ஒரு மை ஓவியச் சுருள் வரைந்தார். மலையில் ஒரு துளியாகத் தொடங்கும் நீர், ஓடையாகி, ஆறாகி, கடலில் போய்க் கலந்து, மறுபடி ஆகாயத்துக்கு ஏறுவதுதான் அதன் முழுக் கதை. டோக்கியோவில் அதை முதன்முதலாகக் காட்சிக்கு வைத்த நாள் 1923 செப்டம்பர் 1. அன்று நண்பகல்தான் நகரத்தையே சாய்த்த பெரும் நிலநடுக்கம் வந்தது. ஓவியம் தப்பிவிட்டது.

இந்த ஓவியங்களை இணையத்தில் பார்க்கிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். சிறிய படத்தைப் பார்த்து நகர்ந்துவிடாதீர்கள். இவற்றில் பலவற்றின் பெரிய கோப்புகள் அருங்காட்சியகத் தளங்களில் கிடைக்கின்றன. ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, கோடு தொடங்கும் இடம் தெரியும்வரை பெரிதாக்குங்கள். தொடங்கும் இடத்தில் பொதுவாக மை கனத்திருக்கும், போகப் போக வற்றும். கை எந்தப் பக்கம் போனது, எங்கே வேகம் எடுத்தது, எங்கே மறுபடி மையைத் தொட்டது என்று பின்தொடரலாம்.

முடிந்தால் நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். மைக்கட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தூரிகை எழுத்துக்கான மை ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கும். கோட்டுச் சித்திரத்துக்கான இந்தியன் இங்க் வேண்டாம். பலவற்றில் அரக்கு கலந்திருப்பதால் பரவும் விதமே வேறு. பளபளப்பான தாளைத் தவிர்த்து, உறிஞ்சும் தாளாக எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கிண்ணம்: ஒன்றில் மை அப்படியே, அடுத்ததில் பாதித் தண்ணீர், மூன்றாவதில் தண்ணீரில் சில சொட்டு மை. எதையும் வரைய வேண்டாம். ஒரே இழுப்பை மூன்றிலும் போடுங்கள். அப்புறம் தூரிகையை நன்றாக ஒற்றி எடுத்துவிட்டு, வறட்டு மையில் வேகமாக ஒன்று. நான்கும் காய்ந்ததும் ஜோங் சொன்னின் மலையையும் செஹாண்டோவையும் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.